“இந்தப் பாதையைப் போட்டவர் யார்?” – ஒரு ரெயில் பிரியர் கண்ட உலகம்

சிலருக்குச் சினிமா பைத்தியம். சிலருக்குச் சீட்டாட்டப் பைத்தியம். கிரிக்கெட் என்றால் சோறு, தண்ணீர் வேண்டாம் என்பவர்களும் உண்டு.

ஒரு பெரியவருக்கு ரெயில் பைத்தியம்!

ரெயில் போனால் குழந்தைகள் கை ஆட்டும் அல்லவா? அவரும் கை ஆட்டுவார். வயது 72!

மானாமதுரைப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். தபால் இலாகாவில் ஆர்.எம்.எஸ். பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற ரெயிலின் தபால் பெட்டியில் இரவு முழுவதும் நின்றுகொண்டு, ஊர் ஊராகக் கடிதங்களைப் பிரித்துப் போட்டவர். “ஊர் தூங்கும், நாங்கள் விழித்திருப்போம். ரெயில் ஆடும், நாங்களும் ஆடுவோம்” என்று சிரிக்கிறார்.

தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே, இந்தக் கட்டுரையில் அவர் “பெரியவர்”தான்.

அவரிடம் ஒரு கறுப்பு அட்டை நோட்டு இருக்கிறது. போன ரெயில், புறப்பட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு பயணத்தின் கீழேயும் ஒரே ஒரு கேள்வியை எழுதி, அதற்குப் பதிலும் எழுதி வைத்திருக்கிறார்.

“இந்தப் பாதையைப் போட்டவர் யார்?”

“வேடிக்கையான கேள்வியாக இருக்கிறதே, ஐயா!” என்றேன்.

“வேடிக்கை இல்லை, தம்பி. ரெயிலில் ஏறுகிறவர்கள் டிரைவரையே பார்ப்பதில்லை. பாதை போட்டவனை யார் நினைக்கப் போகிறார்கள்?” என்றார்.

இனி, அவருடைய நோட்டைப் புரட்டுவோம்.

பல் வைத்த ரெயில்

முதல் பக்கம், ஊட்டி மலை ரெயில்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியின் உயரம் 2,203 மீட்டர். நடுவே 46 கிலோ மீட்டர் பாதை. 16 குகைகள். 208 வளைவுகள். 250 பாலங்கள்!

சாதாரண ரெயில் இந்த மலையில் ஏற முடியாது. இரும்பு தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வழுக்கிவிடும். இங்கோ, சில இடங்களில் 12 அடி போனால் 1 அடி உயரம் ஏற வேண்டும்.

அதற்கு ஒரு யுக்தி செய்தார்கள். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகளைப் பதித்தார்கள். எஞ்சினின் அடியில் ஒரு பல் சக்கரம் இருக்கிறது. அந்தச் சக்கரத்தின் பல், பட்டையின் பல்லைக் கவ்விக் கவ்வி மேலே ஏறுகிறது. ஏணியில் கால் வைத்து ஏறுவதுபோலத்தான்!

இன்னொரு விசேஷம். மற்ற ரெயில்களில் எஞ்சின் முன்னே நின்று இழுக்கும். குன்னூர் வரையில் இங்கே எஞ்சின் பின்னால் நின்று தள்ளுகிறது. பெட்டி எதுவும் கழன்று மலைச் சரிவில் ஓடிவிடக் கூடாது அல்லவா? அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

பெட்டிக்கு ஒரு பிரேக்காரரும் உண்டு. டிரைவருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. முன் பெட்டியில் நிற்கிறவர்தான் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுகிறார். கொடி பிடித்த கையை நம்பித்தான் ரெயில் போகிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-ம் ஆண்டிலும், ஊட்டி வரை 1908-ம் ஆண்டிலும் ரெயில் விட்டார்கள். 2005-ம் ஆண்டில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

“46 கிலோ மீட்டர் போக ஏறக்குறைய 5 மணி நேரம். சைக்கிளில் போகிறவன் முந்திவிடுவான் என்று கேலி பேசுவார்கள். பேசட்டும்! அந்த மலையில் இறங்கி, பாறையை உடைத்துக் குகை குடைந்தவன் எத்தனை வருஷம் பாடுபட்டிருப்பான்? அவனுக்கு மரியாதை செய்வதுபோல ரெயில் மெதுவாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்கிறார் பெரியவர்.

ஊட்டி ரெயிலின் தாய் வீடு

பெரியவரின் மகள் குடும்பம் சில ஆண்டுகள் ஸ்விட்சர்லாந்தில் இருந்தது. 2012-ம் ஆண்டில் அவர் அங்கே போனார்.

“எல்லாரும் பனிமலையைப் பார்க்கப் போவார்கள். நான் ஊட்டி ரெயிலின் தாய் வீட்டைப் பார்க்கப் போனேன்” என்கிறார்.

உண்மைதான். ஊட்டி ரெயிலின் பல் பட்டை முறையைக் கண்டுபிடித்தவர் ரோமன் ஆப்ட் என்ற ஸ்விஸ் என்ஜினீயர். மலை ஏறும் பழைய நீராவி எஞ்சின்களும் அந்த நாட்டின் வின்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. பிற்காலத்தில் அப்படிப்பட்ட எஞ்சினை நம் திருச்சி பொன்மலைத் தொழிலாளர்களே செய்து காட்டிவிட்டார்கள்!

ஸ்விட்சர்லாந்தில் ஒரு பெரிய ஏரிக்கரையில் விட்ஸ்னாவ் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து ரிகி என்ற மலைக்கு 1871-ம் ஆண்டில் பல் சக்கர ரெயில் விட்டார்கள். ஐரோப்பாவின் முதல் மலை ரெயில் அதுதான். இப்போது மின்சாரத்தில் ஓடுகிறது.

ஏரியில் படகை விட்டு இறங்கினால் எதிரே ரெயில். ஏறி உட்கார்ந்தால் மலை உச்சி. ஜன்னலுக்கு வெளியே பசுக்கள் கழுத்து மணி ஆட மேய்ந்துகொண்டிருக்கும்.

“கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன், தம்பி. கட, கட, கட என்று அடியில் பல் கவ்வும் சத்தம். அப்படியே நம் கல்லாறு சத்தம்! கண்ணைத் திறந்தால்தான் வெளிநாடு” என்றார் பெரியவர்.

கடலுக்கு நடுவே

பிறகு வருகிறது, பாம்பன்.

சிறு பையனாக இருந்தபோது, இராமேசுவரம் பக்கம் போகும் “போட் மெயில்” அவருடைய ஊர் வழியாகத்தான் போகும். சென்னை எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கே கப்பல். கடலைக் கடந்தால் தலைமன்னார். மறுபடியும் ரெயில் ஏறினால் கொழும்பு! டிக்கெட் ஒன்றுதான்.

கடலுக்கு நடுவே 2 கிலோ மீட்டருக்கு மேல் நீளமுள்ள பாம்பன் பாலம் 1914-ம் ஆண்டில் திறக்கப்பட்டதால்தான் இது நடந்தது. கப்பல் வந்தால் பாலத்தின் நடுப்பகுதி இரண்டு பக்கமும் தூக்கிக்கொள்ளும். அதைத் தூக்கியது யந்திரம் அல்ல. ஆட்கள் கையால் சுற்றித் தூக்கினார்கள்.

1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு. பயங்கரப் புயல். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பாசஞ்சர் ரெயில் ஊர் போய்ச் சேரவில்லை. கடல் பொங்கி ரெயிலை அப்படியே விழுங்கிவிட்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

தனுஷ்கோடி என்ற ஊரே அழிந்தது. பாம்பன் பாலத்தின் 126 இரும்புத் தூலங்கள் கடலில் விழுந்தன.

பாலத்தைச் சரி செய்ய ரெயில்வே 6 மாதக் கெடு வைத்தது. பிறகு அது 3 மாதமாகக் குறைக்கப்பட்டது. அந்தப் பொறுப்பை ஏற்றவர் 32 வயது இளம் என்ஜினீயர். கடலில் கிடந்த தூலங்களைத் தேடி எடுத்துத் தூக்கி நிறுத்தி, 46 நாட்களில் வேலையை முடித்துவிட்டார்! அவர் யார் தெரியுமா? பின்னாளில் கொங்கண் ரெயில் பாதையையும் டெல்லி மெட்ரோவையும் அமைத்துப் புகழ் பெற்ற இ.ஸ்ரீதரன்தான்.

பழைய பாலத்தில் 2022-ம் ஆண்டு டிசம்பரோடு ரெயில் நின்றது. பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி திறக்கப்பட்டது. இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி, லிப்ட் போல நேராக 17 மீட்டர் மேலே எழும்புகிறது. ஆள் சுற்ற வேண்டியதில்லை. மின்சாரம் செய்கிறது.

காற்று அளவுக்கு மீறி வீசினால் இங்கே ரெயில் விட மாட்டார்கள்.

“அந்தப் புயல் கற்றுக் கொடுத்த பாடம் அது. பாடத்துக்குக் கொடுத்த சம்பளம் நூறு உயிருக்கும் மேலே” என்றார் பெரியவர். சிறிது நேரம் பேசவில்லை.

தேயிலைக் காட்டில் ‘கோச்சி’

2017-ம் ஆண்டில் பெரியவர் இலங்கைக்குப் போனார். இப்போது தலைமன்னாருக்குப் பழைய கப்பல் கிடையாது. ஆகவே விமானத்தில் போய், கொழும்பில் ரெயில் ஏறினார்.

இலங்கைத் தமிழர்கள் ரெயிலைக் “கோச்சி” என்பார்கள். ஸ்டேஷன் பெயர்ப் பலகைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கின்றன.

கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் மலைப் பாதையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பெரியவர் நிறுத்துவதே இல்லை. இரண்டு பக்கமும் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி தேயிலை. பட்டிப்பொல என்ற இடத்தில் பாதை ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. பல் சக்கரம் இல்லாமலே!

எல்ல என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒன்பது வளைவுகள் கொண்ட பாலம் ஒன்று இருக்கிறது. இரும்புத் தூலம் இல்லாமல் கல்லும் செங்கல்லும் சிமெண்டும் வைத்தே கட்டியிருக்கிறார்கள். அதற்கு அடுத்த தெமோதரையில் இன்னும் பெரிய அதிசயம். ரெயில் ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்டு, மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் உள்ள குகை வழியாக வெளியே வருகிறது!

“ஒரு குழந்தை மாதிரி கை தட்டினேன்” என்கிறார் பெரியவர்.

இந்தப் பாதை 1864-ம் ஆண்டில் கொழும்புப் பக்கத்தில் தொடங்கி, 1867-ல் கண்டியைத் தொட்டு, 1924-ல் பதுளையை அடைந்தது. எதற்காகப் போட்டார்கள்? முதலில் காப்பிக் கொட்டை ஏற்றி வர. காப்பிச் செடியில் நோய் விழுந்து அது அழிந்ததும், தேயிலை ஏற்றி வர.

காப்பியையும் தேயிலையையும் பயிரிட்டவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன கூலிகள். மன்னாரில் இறங்கி, காடு வழியே நடந்தே மலைநாட்டுக்குப் போனார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் மாண்டவர்கள் ஏராளம்.

அவர்களுடைய பேரப் பிள்ளைகளின் கதை இன்னும் கொடுமை. 1948-ம் ஆண்டில் இலங்கை அரசு கொண்டு வந்த சட்டத்தால் அவர்கள் பிரஜா உரிமை இல்லாதவர்கள் ஆனார்கள். 1964-ம் ஆண்டு அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. பிறந்த மலையை விட்டு, பார்த்திராத தாய்நாட்டுக்கு ரெயிலும் கப்பலும் ஏறினார்கள்.

ஹட்டனில் ஒரு முதியவர் பெரியவரிடம் சொன்னாராம்: “அந்தக் கோச்சி புறப்படும்போது ஊதுற சத்தம் கேட்காதுங்க. அழுகிற சத்தந்தான் கேட்கும். பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் வெளியே.”

“எனக்குத் திக்கென்றது. ஏன் தெரியுமா? நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இராமேசுவரத்திலிருந்து திரும்பும் ரெயிலில் அவர்களைப் பார்த்திருக்கிறேன். தகரப் பெட்டியும் மூட்டையுமாக உட்கார்ந்திருப்பார்கள். நான் பின் பெட்டியில் இலங்கைக் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருப்பேன். கடிதம் வேறு, மனிதர்கள் வேறு என்று அப்போது நினைத்திருந்தேன்” என்றார் பெரியவர்.

சயாம் மரண ரெயில்

நோட்டில் அடுத்த பக்கத்தைத் திறக்கப் பெரியவர் கொஞ்சம் தயங்கினார். அது தாய்லாந்து. பழைய பெயர் சயாம்.

இரண்டாவது உலகப் போரில் மலாயாவையும் பர்மாவையும் ஜப்பான் பிடித்தது. சயாமிலிருந்து பர்மாவுக்குப் படையும் தளவாடமும் அனுப்ப ஒரு ரெயில் பாதை போட்டது. நீளம் 415 கிலோ மீட்டர். மலை, காடு, ஆறு, ஓயாத மழை. இதையெல்லாம் பொருட்படுத்தாமல் 1942-ம் ஆண்டு நடுவில் தொடங்கி 1943-ம் ஆண்டு அக்டோபரில் முடித்துவிட்டார்கள்.

எப்படி முடிந்தது? மனித உயிர்களைக் கொட்டித்தான் முடிந்தது!

பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகள் 60 ஆயிரம் பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். ஏறக்குறைய 12 ஆயிரம் பேர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்கள், பர்மியர்கள், மலாய்க்காரர்கள், ஜாவாக்காரர்கள். நல்ல சம்பளம் என்று ஆசை காட்டி அழைத்துப் போனது பாதி. பிடித்துப் போனது மீதி. அரைவயிற்றுச் சோறு. காலரா, மலேரியா. மருந்து கிடையாது. இவர்களில் சுமார் 90 ஆயிரம் பேர் மாண்டிருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். சரியான கணக்கு கிடையாது. ஏனென்றால், கணக்கு எழுதி வைக்க ஆள் இல்லை.

பெரியவருடைய பாட்டனாரின் தம்பி, பிழைப்புக்காக மலாயாவுக்குப் போனவர். போர் முடிந்து அங்கிருந்து வந்த ஒருவர் ஒரே ஒரு செய்தி சொன்னார். “சயாமுக்குக் கொண்டு போனார்கள். திரும்பவில்லை.” அவ்வளவுதான்.

“என் பாட்டி சாகிற வரைக்கும் தபால்காரர் வந்தால் வாசலுக்குப் போய் நிற்பாள். எனக்குத் தபால் வேலை கிடைத்ததும், ‘மலாயாக் கடுதாசி வந்தால் பாரு’ என்று சொன்னாள்” என்றார் பெரியவர்.

2018-ம் ஆண்டில் அவர் காஞ்சனபுரிக்குப் போனார். அங்கே குவாய் ஆற்றின் மேல் அந்த இரும்புப் பாலம் இருக்கிறது. சுற்றுலா வந்தவர்கள் பாலத்தின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாதையின் ஒரு பகுதியில் ரெயிலும் ஓடியது. மலைச் சுவரை ஒட்டி மரச் சட்டங்கள் கட்டி, அதன் மேல் தண்டவாளம் போட்ட இடம் ஒன்று உண்டு. அங்கே ரெயில் நத்தைபோல் ஊர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே கீழே ஆறு.

ஊருக்குள் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம். ஏறக்குறைய 7 ஆயிரம் கல்லறைகள். வரிசை வரிசையாக, சுத்தமாக, பெயர் எழுதி, பூச்செடி வைத்து அழகாகப் பராமரிக்கிறார்கள்.

“ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே போனேன். ஒரு முனியாண்டி இல்லை. ஒரு கருப்பையா இல்லை. கைதியாக இறந்தவனுக்குப் படை முகாமில் பெயர்ப் பட்டியல் இருந்தது. கூலியாக இறந்தவனுக்குப் பட்டியலே இல்லையே! ஆற்றங்கரைக்குப் போய், சின்னத் தாத்தா பெயரை உரக்கச் சொல்லிக் கை நிறையப் பூ விட்டேன். நோட்டிலும் அவர் பெயரை எழுதிவிட்டேன்” என்றார்.

நோட்டைப் பார்த்தேன். “இந்தப் பாதையைப் போட்டவர் யார்?” என்ற கேள்விக்கு எதிரே ஒரு பெயர் இருந்தது.

அதே ஜப்பானில்

மறு ஆண்டு, 2019-ல், பெரியவர் ஜப்பானுக்குப் போனார்.

“சயாமில் அவ்வளவு பார்த்த பிறகுமா?” என்று கேட்டேன்.

“அதனால்தான் போனேன். மனிதன் திருந்துகிறானா இல்லையா என்று பார்க்க வேண்டாமா?” என்றார்.

உலகத்தின் முதல் புல்லட் ரெயில், தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவே 1964-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி ஓட ஆரம்பித்தது. தூரம் 515 கிலோ மீட்டர். ஆரம்பத்தில் 4 மணி நேரம். இப்போது மணிக்கு 285 கிலோ மீட்டர் வேகம் வரை போய், ஏறக்குறைய 2½ மணி நேரத்தில் சேர்ந்துவிடுகிறது!

வேகம் கிடக்கட்டும். ரெயில் மோதியோ தடம் புரண்டோ புல்லட் ரெயிலில் இதுவரை ஒரு பயணிகூட இறக்கவில்லை. 60 ஆண்டுகளாக!

பூமி அதிர்ச்சி அடிக்கடி வரும் நாடு அது. அதிர்ச்சியை முதலிலேயே கண்டுபிடித்து, ரெயிலைத் தானாக நிறுத்தும் கருவிகளை வைத்திருக்கிறார்கள். 2011-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி வந்த பயங்கர பூகம்பத்தின்போதும் புல்லட் ரெயில் பயணிகளில் ஒருவரும் சாகவில்லை. நள்ளிரவிலிருந்து காலை 6 மணி வரை ரெயிலே கிடையாது. அந்த நேரம் பாதையைப் பரிசோதிக்க.

டிரைவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சிக்னலையும் விரலால் சுட்டிக் காட்டி, வாய் விட்டும் சொல்கிறார். பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும்! கண் தவறினால் விரல், விரல் தவறினால் வாய்.

“சயாமில் பாதைதான் முக்கியம், உயிர் அல்ல என்று நினைத்தார்கள். இங்கே உயிருக்காகத்தான் பாதை என்கிறார்கள். இதுதான், தம்பி, ரெயிலில் நான் கண்ட பெரிய முன்னேற்றம். வேகம் அல்ல” என்றார் பெரியவர்.

நம் வீட்டுப் பாதை

நோட்டின் கடைசிப் பயணம், விவேக் எக்ஸ்பிரஸ். அசாமின் திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி வரை 4,100 கிலோ மீட்டருக்கு மேல். இந்தியாவிலேயே நெடுந்தூரம் போகும் ரெயில் இதுதான். மூன்று நாட்களுக்கு மேல் ஆகும்.

ரிசர்வ் செய்யாத பெட்டிகளில் நிற்க இடம் இல்லை. எல்லாரும் தெற்கே வேலை தேடி வரும் வாலிபர்கள்.

“அந்தக் காலத்தில் நம்மவர்கள் மலாயாவுக்கும் இலங்கைக்கும் போனார்கள். இப்போது அவர்கள் நம் ஊருக்கு வருகிறார்கள். ஊர் மாறியது, மூட்டை மாறவில்லை” என்கிறார் பெரியவர்.

2023-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி ஒடிசாவில் பாலசோர் பக்கத்தில் நடந்த விபத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், சிக்னல் கோளாறால் பக்கப் பாதையில் புகுந்து சரக்கு ரெயிலில் மோதியது. 290 பேருக்கு மேல் மாண்டார்கள். 28 உடல்கள் யாருடையவை என்றே தெரியவில்லை. நான்கு மாதம் வைத்திருந்துவிட்டு, அரசாங்கமே தகனம் செய்தது.

“பெயர் இல்லாமல் சாகிற பழக்கம் இன்னும் போகவில்லை, பார்த்தீர்களா?” என்று கேட்டார் பெரியவர்.

நாம் செய்ய வேண்டியது

ஒவ்வொரு இரவும், மழைக் காலத்திலும், கேங்மேன் என்று நாம் அழைக்கும் பாதைத் தொழிலாளர் தண்டவாளத்தின் மேல் நடந்துகொண்டிருக்கிறார். கையில் விளக்கு. பையில் சிவப்புக் கொடி. டிரைவரை எச்சரிக்கத் தண்டவாளத்தில் வைக்கும் வெடி. மண் சரிந்ததா, தண்டவாளம் விரிந்ததா என்று பார்க்கிறார். அவர் பார்த்துவிட்டுப் போன பாதையில்தான் நாம் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டு போகிறோம்.

எனவே, பெற்றோர்களே! அடுத்த முறை குழந்தைகளோடு ரெயில் ஏறும்போது மூன்று காரியம் செய்யுங்கள் என்கிறார் பெரியவர்.

உடன் வருகிறவர் ஒவ்வொருவரிடமும் பெயரும் வீட்டு டெலிபோன் நம்பரும் எழுதிய ஒரு சீட்டு இருக்கட்டும்.

கதவு மூடியிருக்கிற ரெயில்வே கேட்டில் குனிந்து நுழையாதீர்கள். படிக்கட்டில் தொங்காதீர்கள். பாதை போட்டவர் கொடுத்த உயிர் போதும்.

பாதை ஓரத்தில் சம்மட்டியோடு ஒதுங்கி நிற்கும் தொழிலாளரைக் கண்டால், குழந்தையை விட்டுக் கை ஆட்டச் சொல்லுங்கள். நீங்களும் ஆட்டுங்கள்.

வெட்கப்பட வேண்டாம். 72 வயதில் பெரியவர் ஆட்டுகிறாரே!